1942-ல் மார்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட திருநம்பி: யார் இந்த மைக்கேல் தில்லன்? இன்று குளியலறையில் கவனிக்க வேண்டியவை என்ன?

ஏப்ரல், மே வெயிலில் திண்டுக்கல்லில் ஒருநாள் குளிக்காமல் இருந்தாலே உடம்பு கசகசத்துப் போகும். மார்பில் தையல், அதன்மேல் கட்டு, அதற்கும் மேலே இறுக்கமான பனியன். இந்தக் கோலத்தில் ஒரு வாரமோ பத்து நாளோ மார்பில் தண்ணி படக்கூடாது என்றால் எப்படி இருக்கும்? மதுரையிலோ சென்னையிலோ மார்பகங்களை அகற்றும் அறுவை சிகிச்சையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் திருநம்பிகளுக்கு, அதாவது பிறப்பில் பெண் எனப் பதிவாகி ஆணாக வாழ்பவர்களுக்கு, முதலில் வந்து நிற்கும் சிக்கல் இதுதான். எப்போ குளிக்கலாம், யார் தண்ணி ஊற்றுவது, வீட்டில் யாரிடம் சொல்லலாம்?

80 ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்தில் இதே அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டவர் மைக்கேல் தில்லன். ஆணுறுப்பை உருவாக்கும் அறுவை சிகிச்சை பெற்ற முதல் திருநம்பி என்று மருத்துவ வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது. பிறகு அவரே மருத்துவர் ஆனார், கடைசியில் புத்தத் துறவி ஆனார். அவர் இறந்தது இந்தியாவில், இமாசலப் பிரதேசத்தின் டல்ஹவுசியில். அவருடைய வாழ்க்கையை ஆரம்பத்திலிருந்து பார்த்தால், கிருமித்தொற்றும் ரகசியமும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கின்றன.

அம்மாவைக் கொன்ற தொற்று

தில்லன் பிறந்தது 1915 மே 1 அன்று, லண்டனில். அயர்லாந்தின் லிஸ்மல்லன் பாரனெட் பட்டத்துக்கு உரிய குடும்பம். குழந்தைக்கு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அம்மா இறந்துவிட்டார். காரணம் செப்சிஸ், அதாவது ரத்தம் முழுக்கப் பரவும் கிருமித்தொற்று. பிரசவம் பார்க்கும் மருத்துவர்கள் கையைக் கழுவினாலே இந்த மரணங்கள் குறையும் என்று வியன்னாவில் செமல்வைஸ் என்ற மருத்துவர் 1847-லேயே காட்டியிருந்தார். ஆனாலும் அடுத்த நூற்றாண்டிலும் அம்மாக்கள் இப்படிச் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தொற்று வந்தபின் அதை அடக்க மருந்து எதுவும் அப்போது இல்லை.

அப்பா குழந்தைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. தில்லனும் அண்ணனும் கென்ட் மாவட்டத்தின் ஃபோக்ஸ்டோன் என்ற கடற்கரை ஊரில் அத்தைமார் வீட்டில் வளர்ந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பெண்களுக்கான கல்லூரியில் படித்தார். படகு வலிப்பதில் கெட்டிக்காரர், பெண்கள் படகுச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 1938-ல் பட்டம் பெற்றார். இதற்குள் ஒன்று அவருக்குத் தெளிவாகிவிட்டது: தான் பெண் இல்லை.

1939-ல் ஜார்ஜ் ஃபாஸ் என்ற மருத்துவரைப் போய்ப் பார்த்தார். அளவுக்கு மீறிய மாதவிடாய்ப் போக்குக்கு டெஸ்டோஸ்டிரோன் உதவுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். அந்த மனநல மருத்துவர் விஷயத்தை வெளியே பேசிவிட, தில்லன் வேலை பார்த்த இடம் வரை செய்தி போய்விட்டது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் அடிப்படைக் கடமை என்று எல்லோரும் பேசுகிறோம். தில்லன் விஷயத்தில் அந்தக் கடமை முதல் படியிலேயே உடைந்தது. ஃபாஸ் கொடுத்த மாத்திரைகளோடு அவர் பிரிஸ்டல் நகரத்துக்கு ஓடினார்.

அங்கே ஒரு வாகனப் பட்டறையில் வேலை கிடைத்தது. முதலில் பெட்ரோல் போட்டார், பிறகு பழுதான வண்டிகளை இழுத்து வந்தார். ராத்திரியில் ஜெர்மன் விமானங்கள் போடும் குண்டில் எங்கே தீப்பிடிக்கிறது என்று காவல் பார்த்தார். மாத்திரை வேலை செய்து குரல் மாறியது, தாடி முளைத்தது. பார்ப்பவர்கள் ஆண் என்றே நினைத்தார்கள். மார்புதான் பாக்கி.

குளியலுக்கும் ரேஷன் இருந்த ஆண்டு

தில்லனுக்கு ரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைந்து மயங்கி விழும் தொல்லை இருந்தது. அப்படி விழுந்து தலையில் அடிபட்டுத்தான் பிரிஸ்டல் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்த பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் அவருடைய நிலையைப் புரிந்துகொண்டார். 1942-ல் இரு மார்பகங்களையும் அகற்றினார். பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொள்ள ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். 1944-ல் சான்றிதழ் திருத்தப்பட்டது. அடுத்தகட்ட சிகிச்சைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

1942-ல் அப்படி ஓர் அறுவை சிகிச்சை என்றால் ஆபத்து எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். பென்சிலினை ஆக்ஸ்ஃபோர்டில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தியதே 1941-ல்தான். பொதுமக்களுக்கு அது கிடைக்க இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. சல்ஃபா மருந்துகள் இருந்தன. அவற்றை விட்டால், காயத்தைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்துக்கொள்வது ஒன்றுதான் கைவசம் இருந்த பாதுகாப்பு. அதே ஆண்டில் எரிபொருளைச் சேமிக்க, குளியல் தொட்டியில் ஐந்து அங்குலத்துக்கு மேல் தண்ணீர் நிரப்ப வேண்டாம் என்று பிரிட்டிஷ் அரசு மக்களைக் கேட்டுக்கொண்டது. அரண்மனைக் குளியல் தொட்டியிலும் ஐந்து அங்குலத்தில் கோடு போட்டார்கள்.

குழாயில் எப்போ தண்ணி வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்து பழகிய திண்டுக்கல்காரர்களுக்கு இது புரியும். ஆத்தூர் காமராஜர் அணை, வைகைப் பேரணை, காவிரிக் கூட்டுக் குடிநீர் என மூன்று பக்கமிருந்து வந்தும் கோடையில் பற்றாக்குறைதான். ஆழ்குழாய்த் தண்ணி பல இடங்களில் உப்பு. தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட பகுதிகளும் ஊரைச் சுற்றி உண்டு. புதுக் காயத்துக்குப் பக்கத்தில் இந்தத் தண்ணியை யோசிக்காமல் ஊற்றக்கூடாது. கட்டு பிரித்த முதல் சில நாள்களுக்காவது, குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு எடுத்துக்கொள்வது நல்லது.

ஏன் நனையக்கூடாது?

பெரும்பாலும் மார்பின் கீழ்மடிப்பு ஓரமாக இரண்டு பக்கமும் கீறி, உள்ளிருக்கும் திசுவை எடுக்கிறார்கள். பலருக்கு மார்புக்காம்பையும் எடுத்து, சிறிதாக்கி, புது இடத்தில் ஒட்டித் தைக்கிறார்கள். அந்தத் தோல் துண்டுக்கு முதல் சில நாள்கள் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் கசியும் திரவத்தை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கிறது. நாலைந்து நாள் முதல் ஒரு வாரத்துக்குள் புதிய ரத்தக் குழாய்கள் வந்து சேரும். அதற்குள் அது நகர்ந்தாலோ ஊறினாலோ ஒட்டாமல் போகலாம். காம்பின்மேல் பஞ்சை வைத்துத் தைத்து அனுப்புவதும், அதை நனைக்காதே என்று சொல்வதும் இதனால்தான்.

இன்னொரு காரணம் டிரெயின் குழாய். தோலுக்கு அடியில் சேரும் ரத்தத்தையும் நீரையும் வெளியேற்ற, இரண்டு பக்கமும் மெல்லிய குழாய் வைத்து, நுனியில் ஒரு சின்னக் குப்பியை மாட்டி அனுப்புவார்கள். பலருக்கு ஒரு வாரம் ஒட்டி எடுத்துவிடுவார்கள். குழாய் உள்ளே நுழையும் துளை கிருமிக்கும் வழிதான். சில மருத்துவர்கள் டிரெயின் வைப்பதே இல்லை, சிலர் சீக்கிரமே குளிக்க விடுகிறார்கள். எனவே கீழே சொல்வதெல்லாம் பொதுவான நடைமுறை. உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொன்னதுதான் கணக்கு.

அனுமதி கிடைக்கும்வரை துடைத்துக்கொள்வதுதான் வழி. வெதுவெதுப்பான தண்ணியில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து முகம், கழுத்து, அக்குள், முதுகின் கீழ்ப்பக்கம், தொடையிடுக்கு எல்லாம் துடைக்கலாம். அக்குளைத் துடைக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்கக்கூடாது. லேசாக விலக்கினால் போதும். இடுப்புக்குக் கீழே தண்ணி ஊற்றிக் கழுவலாம், ஆனா கட்டில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளணும். தலைக்கு ஊற்ற வேறொருவர் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டால், முடி திருத்தும் கடையில் செய்வது மாதிரி, அவர் பின்னாலிருந்து ஊற்றிவிடலாம்.

மருத்துவர் குளிக்கச் சொன்ன பிறகும் நம் ஊர்க் குளியலில் ஒரு பிரச்சினை இருக்கிறது. வெளிநாட்டு அறிவுரைகள் எல்லாம் ஷவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை: முதுகைக் காட்டி நில்லு, தண்ணி தோள் வழியே மெதுவா இறங்கட்டும், அவ்ளோதான். வாளியும் மக்கும் வைத்துக் குளிப்பவர் என்ன செய்வார்? 15 லிட்டர் வாளி நிறைந்தால் 15 கிலோ. சில வாரங்களுக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாத ஆள் அதைத் தொடவே கூடாது. மக்கில் மொண்டு தலைக்கு மேல் தூக்கி ஊற்றும் அந்த ஒரு அசைவு தையலை நேராக இழுக்கும். ஆகவே வாளியை வேறொருவர் நிரப்பி, முக்காலியின்மேல் இடுப்பு உயரத்தில் வைக்கட்டும். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, சின்ன மக்கில் பாதியளவு மொண்டு, தோளுக்குக் கீழேயே ஊற்றிக்கொள்ளலாம். வாசனை அதிகமில்லாத சோப்பை நுரையாக்கி அந்த நுரை மட்டும் தையல்மேல் வழிந்தால் போதும், தேய்க்க வேண்டாம். பீர்க்கங்கூடு, எண்ணெய்க் குளியல், டெட்டால் எதுவும் வேண்டாம். துவைத்து வெயிலில் காய்ந்த துண்டால் ஒற்றி எடுத்து, நன்றாக உலர்ந்தபின் பனியனைப் போடலாம். சூடு அதிகமான தண்ணியில் முதல்முறை குளித்தால் தலை சுற்றலாம். கதவைத் தாழிடாமல், யாராவது வெளியே இருக்கும்போது குளிப்பது நல்லது.

மஞ்சளைக் குழைத்துப் பூசலாமா என்று வீட்டில் பாட்டி கேட்பார். கூடாது. வேர்வைக்குப் பவுடரும் கூடாது. தையலில் போய் ஒட்டிக்கொள்ளும். பனியன் வேர்வையில் நனைந்தால் மாற்ற இரண்டாவது ஒன்று கையில் இருப்பதுதான் வெயில் காலத்துக்கு உண்மையான உதவி. வேடசந்தூர், நிலக்கோட்டை பக்கத் தோட்டங்களில் பம்புசெட் தொட்டியில் இறங்கிக் குளிப்பது, கிணற்றில் குதிப்பது, குளத்தில் முங்குவது எல்லாம் காயம் முழுசா மூடும்வரை, குறைந்தது நாலு முதல் ஆறு வாரத்துக்கு, கிடையாது. நின்ற தண்ணியில் காயத்தை ஊறவைப்பது வேறு, ஓடும் தண்ணி மேலே பட்டுப் போவது வேறு.

நொண்டியதற்குச் சொன்ன பொய்

1945-ல் தில்லன் டப்ளினின் டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். பெண்கள் கல்லூரியில் படித்ததாகச் சான்றிதழ் காட்டினால் குட்டு வெளிப்படும் அல்லவா? பழைய ஆசிரியர் ஒருவர் உதவி, ஆக்ஸ்ஃபோர்டின் பதிவு ஆண்கள் கல்லூரியின் பெயருக்கு மாறியது. டப்ளினிலும் படகு வலித்தார், இம்முறை ஆண்கள் அணியில்.

1946-க்கும் 1949-க்கும் இடையில், இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகருக்குப் போய்ப் போய்க் குறைந்தது 13 அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டார். செய்தவர் ஹரோல்ட் கில்லிஸ், முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களைச் சீரமைத்துப் பெயர் பெற்றவர். கில்லிஸின் பெரிய கண்டுபிடிப்பே தொற்றுக்கு எதிரானதுதான். ஒட்டுவதற்காக உரித்த தோலின் பச்சைப் பக்கம் திறந்து கிடந்தால் சீழ் பிடிக்கும். 1917-ல், கப்பல் தீயில் வெந்த மாலுமி ஒருவருக்குச் சிகிச்சை செய்தபோது, அந்தத் தோலை உருட்டிக் குழாயாகத் தைத்தார். பச்சைப் பக்கம் உள்ளே போய்விட்டது, ரத்த ஓட்டமும் கெடவில்லை. தில்லனுக்கும் இதே குழாய் முறைதான் கைகொடுத்தது.

கில்லிஸின் உறவினர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ இன்னொரு பிளாஸ்டிக் சர்ஜன். விமானத்தோடு எரிந்து விழுந்தவர்களில் கடலில் விழுந்தவர்களின் காயம் நன்றாக ஆறுவதைக் கவனித்து, தீக்காயக்காரர்களை உப்புநீர்க் குளியலில் வைத்தார். அது தீக்காயம், மருத்துவமனைக் கண்காணிப்பில் நடந்தது. கீறித் தைத்த மார்புக்கு வீட்டில் உப்புத்தண்ணி ஊற்ற இதை யாரும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

13 அறுவை சிகிச்சைகளில் எல்லாமே சுமுகமாகப் போகவில்லை. காலில் தொற்று ஏற்பட்டு, சில காலம் நொண்டி நடந்தார். உடன் படித்தவர்களிடம் போர்க்காயம் என்று சொல்லிச் சமாளித்தார். சுற்றிலும் மருத்துவ மாணவர்கள். காயம் எப்படி இருக்கிறது, காட்டு என்று கேட்க ஆளிருந்தும் காட்ட முடியாத நிலை. மருத்துவமனைப் பதிவில்கூட, பிறவியிலேயே சிறுநீர்ப்பாதை குறையுள்ள ஆண் என்றுதான் கில்லிஸ் எழுதிவைத்தார். அந்தப் பொய் தில்லனைக் காப்பாற்றியது உண்மை. ஆனா தொற்று வந்த உடம்புக்கு ரகசியம் நல்ல துணை இல்லை.

இன்று திண்டுக்கல்லில் கதை அவ்வளவு மாறிவிட்டதா? தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கையர் நலவாரியம் வந்தது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் பாலின வழிகாட்டு மையங்கள் இருக்கின்றன. மதுரை சுமார் 65 கிலோமீட்டர்தான். ஆனால் வீடு திரும்பிய பிறகு, பொதுக் குளியலறை உள்ள வாடகை வீட்டில், கட்டோடும் குப்பியோடும் ஒருவர் எத்தனை நாள் ஒளிந்திருக்க முடியும்? எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தண்ணி தூக்கவும் கட்டைப் பார்க்கவும் ஒரு நண்பருக்காவது தெரிந்திருக்கணும். 100.4 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல், பரவிக்கொண்டே போகும் சிவப்பு, சீழ், நாற்றம், ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கம், குப்பியில் வேகமாகச் சேரும் புது ரத்தம், இதில் எது வந்தாலும் அறுவை சிகிச்சை செய்த இடத்துக்கு உடனே போன் போடணும். அது தூரம் என்றால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். என்ன அறுவை சிகிச்சை, எந்தத் தேதியில் நடந்தது என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லணும். திருநர் என்பதற்காகச் சிகிச்சையை மறுப்பதை 2019-ம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

கப்பலுக்கு வந்த நிருபர்கள்

1946-ல் தில்லன் ஒரு புத்தகம் வெளியிட்டார். மனதை உடம்புக்கு ஏற்ப மாற்ற முடியாதபோது, உடம்பை மனதுக்கு ஏற்ப மாற்றுவதே முறை என்று அதில் வாதிட்டார். தன்னைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. 1951-ல் மருத்துவரானார். அடுத்த ஆண்டே வணிகக் கப்பல்களில் மருத்துவராகச் சேர்ந்தார். தாடி, வாயில் பைப், கடல். அந்த ஆறு ஆண்டுகள் ஓரளவு நிம்மதியாகத்தான் போயின.

குட்டை உடைத்தது ஒரு பரம்பரைப் பட்டியல். பிரிட்டனில் பட்டக்காரக் குடும்பங்களின் விவரங்களை வெளியிடும் இரண்டு நூல்கள் உண்டு. ஒன்றில் தில்லன், அண்ணனுக்கு அடுத்த வாரிசான தம்பி. இன்னொன்றில் தங்கை. இந்த முரண்பாட்டை யாரோ கவனித்துவிட்டார்கள். 1958 மே மாதம், அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கே பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். ஒருவருடைய உடம்பில் என்ன நடந்தது என்பது எந்த வகையில் பொதுச் செய்தி? அந்தக் கேள்வியை அன்று எந்த நியூஸ் டெஸ்க்கும் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

தில்லன் இந்தியாவுக்கு வந்துவிட்டார். காலிம்பாங்கில் சங்கரக்ஷித என்ற ஆங்கிலேயத் துறவியிடம் கொஞ்சகாலம், பிறகு சாரநாத். ஜீவகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். புத்தருக்கு வைத்தியம் பார்த்தவரின் பெயர் அது. நம் சீவக சிந்தாமணியின் நாயகன் வேறு, அவன் சமண இளவரசன். மூன்றாம் பாலினத்தாருக்கு முழுத் துறவு கூடாது என்ற பழைய விதி புத்தச் சங்கத்திலும் குறுக்கே வந்தது. 1960-ல் லடாக்கின் ரிசோங் மடம் அவரை இளந்துறவியாக ஏற்றுக்கொண்டது. 45 வயதில், சிறுவர்களோடு சிறுவராகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எல்லை நிலவரத்தால் அங்கே நீண்டநாள் தங்க முடியவில்லை. அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார், 1962-ல் வெளிவந்தது.

அதே ஆண்டு மே 15 அன்று டல்ஹவுசியில் இறந்தார். வயது 47. உடல்நிலை ஏற்கெனவே மோசமாகத்தான் இருந்தது. இறப்பதற்குச் சற்று முன்பு தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்திருந்தார். அது அச்சேற 55 ஆண்டுகள் ஆயின. 2017-ல் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் அட்டையில் ஆசிரியர் பெயர் இரண்டு: மைக்கேல் தில்லன், லோப்சங் ஜீவகர். பெற்றோர் வைத்த பெயர் அதில் இல்லை.